ஆறாவது பிரதி

டைப்ரைட்டரை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதில்தான் அன்றைய முதல் சண்டை வந்தது.

அம்மாவைக் கூடத்தில் கிடத்த இடம் வேண்டும். ஜன்னலோர மேசையை நகர்த்தினால்தான் தெற்கே தலைவைத்துப் படுக்கவைக்க முடியும் என்றார் சடங்கு செய்யவந்த வாத்தியார். மேசை நகர வேண்டுமானால் அதன்மேல் இருக்கும் டைப்ரைட்டர் முதலில் இறங்க வேண்டும். ஸ்ரீரஞ்சனியின் அண்ணன் முகுந்தன் அதை இரண்டு கைகளாலும் அணைத்துத் தூக்கினான். உருளையில் மாட்டியிருந்த காகிதக் கற்றை முகத்தில் இடித்தது. கீழே வைத்துவிட்டு ஒரே இழுப்பில் அதை உருவினான். கர்ரென்று பல்சக்கரம் கத்தியது.

"லீவரைத் தள்ளிட்டு எடுக்கணும். அம்மா பாத்தா கத்துவா" என்றாள் ஸ்ரீரஞ்சனி.

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது. முகுந்தன் அவளைப் பார்த்தான்.

"இப்போ லெக்சர் வேண்டாம் ரஞ்சு. இதை எங்க வைக்கணும்னு மட்டும் சொல்லு."

"என் ரூம்ல."

"உன் ரூம் எது? அதுல அப்பா பீரோவைப் போட்டு அஞ்சு வருஷம் ஆச்சு."

கடைசியில் அது சமையலறை வாசலில் அரிசி டிரம்மின்மேல் ஏறி உட்கார்ந்தது. வருகிறவர்கள் எல்லாம் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

சாவு வீட்டில் காகிதத்துக்கு இத்தனை தேவை இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. மூங்கில், பானை, நெய், வறட்டி என்று சாமான் எழுத வாத்தியார் ஒரு தாள் கேட்டார். முகுந்தன் உருவியெடுத்த கற்றையின் மேல்தாளைக் கொடுத்தான். அம்மா கடைசியாக அடித்த வரிகளின் முதுகில் அந்த ஜாபிதா எழுதப்பட்டு, ஸ்கூட்டரில் அல்சூர் பக்கம் போய்விட்டது. அடியிலிருந்த பிரதிகளை யார் யாரோ எடுத்து டெலிபோன் நம்பர் எழுதினார்கள். ஒன்றை மடித்து, ஆடிய நாற்காலியின் காலுக்குக் கொடுத்தார்கள். பத்து மணிக்குள் மிச்சமிருந்தவை கார்பன் தாள்கள் மட்டும்தான். ஸ்ரீரஞ்சனி அவற்றைப் பொறுக்கி அடுக்கினாள். ஆறு இருந்தன. அட்டைப்பெட்டியில் வைத்து மூடினாள்.

அம்மா சீதாலட்சுமி முப்பத்தொரு வருஷம் அரசாங்க இலாகா ஒன்றில் ஸ்டெனோகிராபர். ஓய்வு பெற்ற பிறகு வருஷத்துக்கு ஒருமுறை, கூட வேலை பார்த்த ஐந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு வேன் வைத்து ஒரு கோயில் ஊருக்குக் கிளம்புவாள். லேபாக்ஷி, மேல்கோட்டை, தலக்காடு எல்லாம் ஆயிற்று. இந்த வருஷம் பேலூர், இரண்டு நாள், வருகிற சனிக்கிழமை. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு திட்டம் டைப் அடித்து, கார்பன் பிரதிகளை ஆளுக்கொன்றாகக் கவரில் போட்டு ஒட்டிக் கொடுப்பாள். எல்லாம் அலுவலக ஆங்கிலம். குழு காலை ஐந்து ஐம்பதுக்குப் புறப்படும். தாமதமாக வருவோர் எழுத்துமூலம் காரணம் தெரிவிக்க வேண்டும். கருவறை சாத்தியிருக்கும் நேரத்தில் வெளிச்சுவர்ச் சிற்பங்கள் பார்க்கப்படும். அந்நேரத்தில் ருக்மணி அவர்கள் வேனில் உறங்குவது அனுமதிக்கப்பட மாட்டாது.

அப்பா வெங்கடசுப்ரமணியன் ஒருமுறைகூடப் போனதில்லை. "கல்லைப் பாக்க எதுக்குடி டீசல்?" என்பார்.

இப்போது அவர் கூடத்து மூலையில் நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் ஒரே மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். "காபி குடிச்சா. ஆறரைக்கு மிஷின்ல உக்காந்தா. நான் பேப்பர் படிச்சிண்டிருந்தேன். மணி அடிச்சுது. அதான், வரி முடியப்போறதுன்னா டிங்குனு ஒரு மணி அடிக்குமே. அப்பறம் அடுத்த வரி வரலை."

டாக்டர் வந்து ஹார்ட் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

நடுவில் ஆள் இல்லாதபோது, ஸ்ரீரஞ்சனி தண்ணீர் கொண்டுபோனாள். அப்பா தம்ளரை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"அந்தப் பக்கத்தைப் படிச்சு முடிச்சுட்டுத்தான் திரும்பிப் பாத்தேன், ரஞ்சு" என்றார் மெதுவாக.

அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "காபி குடிச்சா. ஆறரைக்கு மிஷின்ல உக்காந்தா…"

வந்தவர்கள் அந்த ஐவரில் இருவர், ருக்கு மாமியும் பவுலின் ஆன்ட்டியும். ருக்கு மாமி இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தாள். பவுலின் விவேக் நகரிலிருந்து ஆட்டோவில் வந்திருந்தாள். மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் இறங்கியிருக்க வேண்டும், ஆட்டோக்காரர் வாசலில் நின்று "அம்மா, சேஞ்ஜ்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அம்மாவைக் குளிப்பாட்டி, ஒன்பது கஜம் கட்டி, மஞ்சள் பூசி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்திருந்தார்கள். "சுமங்கலியாப் போயிட்டாடி. குடுத்துவச்சவ" என்று ருக்கு மாமி மூக்கை உறிஞ்சினாள். பவுலின் தரையில் உட்கார்ந்து அம்மாவின் வலக்கையை எடுத்துப் பார்த்தாள். மஞ்சளுக்கு அடியில் விரல் நுனிகளில் கார்பன் மை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. தேய்த்தும் போகவில்லை.

"நான்தான் கிண்டல் பண்ணேன்" என்றாள் பவுலின். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை. பிறகு ஸ்ரீரஞ்சனியைப் பார்த்தாள். "ஞாயித்துக்கிழமை என் வீட்ல வச்சு எல்லாருக்கும் கவர் குடுத்தா, கண்ணு. நேத்து சாயங்காலம்தான் பிரிச்சேன். முன்பக்கம் காலி. திருப்பிப் பாத்தா, எல்லா எழுத்தும் இடம் வலமா. டிரெஸ்ஸிங் டேபிள் கண்ணாடில காட்டி நாலு வரி படிச்சேன். கழுத்து வலிச்சுச்சு. உடனே போன் போட்டு, ஏய் சீதா, பேலூர்ல கண்ணாடி பாத்துட்டு நிக்கிற பொம்மை இருக்குதே, அது நான்தான்டி, என்னை இங்கயே வந்து பாத்துக்க, வேன் எதுக்குன்னேன்."

"எனக்கு வந்ததுல ஒரு எழுத்துகூட இல்லை" என்றாள் ருக்கு மாமி. "ரெண்டு பக்கமும் வெள்ளை. நான் தூங்கப்படாதுன்னு ஏதோ எழுதியிருப்பா, அப்பறம் மனசு மாறி விட்டுட்டான்னு நினைச்சேன்."

பவுலினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ருக்கு மாமிக்கும் வந்தது. இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பொத்திய கைக்குப் பின்னால் அது அழுகையாக மாறியது.

"ரொம்ப சிரிச்சுட்டேன் போல" என்றாள் பவுலின். "அவ சிரிக்கவே இல்ல, கண்ணு. அஞ்சும் அப்படியான்னு மட்டும் கேட்டா."

என்ன நடந்திருக்கும் என்று ஸ்ரீரஞ்சனிக்குத் தெரியும். கார்பனை மைப்பக்கம் கீழே இருக்கும்படி வைக்க வேண்டும். மேலே இருக்கும்படி வைத்தால், எழுத்து அடுத்த தாளில் விழாமல் முன் தாளின் முதுகில் கண்ணாடிப் பிம்பமாக விழும். கடைசித் தாளில் ஒன்றுமே விழாது. எட்டு வயதில் அம்மா அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்கள் முதல் வாரத்தில் செய்யும் தப்பு. அம்மா செய்யும் தப்பு இல்லை.

இது அவளுக்கு நேற்று ராத்திரியே தெரியும். பவுலின் போனை வைத்ததும் அம்மா அடுகோடியில் அவள் வீட்டுக்குப் போன் செய்திருந்தாள். ஸ்ரீரஞ்சனி அடுப்பில் தோசையும், மேசையில் மகன் ரித்விக்கின் கணக்கு நோட்டுமாக நின்றாள்.

"ரஞ்சு, கார்பனைத் திருப்பி வச்சுட்டேன்டி. ஒண்ணை இல்லை. அஞ்சையும்."

"அதனால என்னம்மா?"

"கவர்ல போடறச்சேகூடத் தெரியலை. என் கை எப்படி அப்படிப் பண்ணித்துன்னே புரியலை."

"அம்மா, ஜெராக்ஸ் எடுத்தா ஒரு ரூபா. இந்தக் காலத்துல யாரு கார்பன் வைக்கறா?"

"அதுவும் சரிதான்" என்றாள் அம்மா. "உன்னை இன்னொண்ணு கேக்கணும்னு இருந்தேன்."

"தோசை தீயறதும்மா. நாளைக்கு நானே பண்றேன்."

அவ்வளவுதான். பவுலின் ஆன்ட்டி நாலு பேர் நடுவில் தன் தப்பைச் சொல்லிவிட்டாள். ஸ்ரீரஞ்சனி வாயைத் திறந்தாள்; அப்போது வாத்தியார் எள் எங்கே என்று கேட்டார். எழுந்து எள் எடுக்கப் போனாள்.

இரண்டு மணிக்கு வில்சன் கார்டன் மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். பெண்கள் வாசலோடு நின்றார்கள். வேன் திரும்பும்போது எதிரே அடுக்குமாடிக் கட்டடத்துக்கு ஜல்லி ஏற்றிவந்த லாரி பின்வாங்கி வழிவிட்டது. லாரி டிரைவர் தலைத்துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டதை ஸ்ரீரஞ்சனி பார்த்தாள். பிறகு உள்ளே போய் வீடு கழுவினாள்.

சாயங்காலம் முகுந்தன் ஈரத் தலையோடு உட்கார்ந்து, வாத்தியாரோடு நாள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். நாளைக்கு சஞ்சயனம், அஸ்தி எடுக்கும் நாள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று.

"எனக்கு எத்தனை நாள் தீட்டு?" என்றாள் ஸ்ரீரஞ்சனி.

"உங்களுக்கு மூணே நாள்தாம்மா" என்றார் வாத்தியார். நல்ல சேதி சொல்கிற குரல். "கல்யாணமான பொண்ணு. வேற கோத்திரம். வெள்ளிக்கிழமை கார்த்தால ஸ்நானம் பண்ணினா தீர்ந்தது."

"நல்லதாப் போச்சு" என்றான் முகுந்தன். "வெள்ளிக்கிழமை நீ வீட்டுக்குப் போயிடு ரஞ்சு. ரித்விக்குக்கு ஸ்கூல் இருக்கு. பத்துக்கு வந்தாப் போறும்."

அவன் அக்கறையாகத்தான் சொன்னான். அவள் தலையாட்டினாள். கூடத்தில் மேசை இருந்த இடத்தில் தரை நாலு கட்டமாக வெளுத்திருந்தது. அண்ணனுக்குப் பத்து நாள், அவள் அம்மாவைச் சரியாகப் பார்த்தேயிராத அண்ணிக்கும் பத்து நாள், பம்பாயிலிருக்கும் சித்தப்பா பிள்ளைக்குப் பத்து நாள். அவளுக்கு மூன்று. அதை யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் டெலிபோன் அடித்தது. வேன்கார கிருஷ்ணப்பா.

"அம்மா இதாரா? சனிவார காடி பேக்கா, பேடவா?"

ஸ்ரீரஞ்சனி கன்னடத்திலேயே விஷயத்தைச் சொன்னாள். "தலக்காட்டில் மணலில் டயர் புதைந்தபோது முதலில் இறங்கித் தள்ளியவர் அம்மாதான்" என்று அவர் கன்னடத்தில் சொன்னார். பிறகு வண்டி வேண்டுமா வேண்டாமா என்று மறுபடி மெல்லக் கேட்டார். வேறு பார்ட்டி காத்திருக்கிறது.

அவள் ரிசீவரைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். ருக்கு மாமியும் பவுலினும் தினம் மத்தியானம் வந்துவிடுவார்கள், அன்றும் இருந்தார்கள்.

"வேண்டாம்னு சொல்லிடு" என்றாள் ருக்கு மாமி. "சீதா இல்லாம என்ன பேலூர்?"

"ஆமா" என்றாள் பவுலின், தன் கைப்பையைப் பார்த்துக்கொண்டு.

அப்பா நாற்காலியிலிருந்து பேசினார். தகனத்துக்குப் பிறகு அவர் தானாக ஏதாவது சொன்னது அதுதான் முதல்முறை.

"அன்னிக்குக் கார்த்தால அவ அதைத்தான் அடிச்சிண்டிருந்தா. போகலைன்னா, அப்பறம் எதுக்கு அடிச்சா?"

பவுலின் கைப்பையை மூடினாள், அப்பாவே மேலே பேசினார்.

"நீங்க அஞ்சு பேரும் தீட்டா? இல்லையே. போயிட்டு வாங்கோ."

"ப்ளான் இல்லியே அண்ணா" என்றாள் ருக்கு மாமி. "எங்க நிறுத்தணும், எங்க தங்கணும், யாரு ரூம் சொல்லியிருக்கான்னு எதுவும் தெரியாது. எல்லாம் அவ தலையிலன்னா இருந்தது."

"அசல் இருக்கும்" என்றார் அப்பா. "ஆபீஸ் காப்பி இல்லாம அவ ஒரு வேலை செஞ்சதில்லை."

ஸ்ரீரஞ்சனி ரிசீவரிலிருந்து கையை எடுத்தாள். "பேக்கு, கிருஷ்ணப்பா" என்றாள், வண்டி வேண்டும் என்று.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் தலைக்குக் குளித்தாள். வாத்தியார் வாசலிலேயே நின்று சொன்னார்: "இன்னியோட உங்களுக்கு ஆச்சும்மா. இனிமே அப்பா, அண்ணா மேல பட்டுக்காதீங்கோ. பட்டா மறுபடியும் ஸ்நானம்."

வாசலில் கிடந்த பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அப்பா வழக்கம்போல் கையை நீட்டினார். நீட்டிய கை நினைவு வந்து பின்னால் போயிற்று. அவள் பேப்பரைத் தரையில் வைத்தாள். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து எடுத்தார்.

"நன்னா இருக்கு" என்றார். "பெத்த பொண்ணு கையால பேப்பர் வாங்கப்படாதாம்."

அவள் அசலைத் தேடிப் பீரோ பக்கம் போனாள்.

"ரஞ்சு" என்றார் அப்பா. "அன்னிக்கு அவ ஆறு கார்பன் வச்சா. அஞ்சு பேருக்கு எதுக்குடி ஆறுன்னு கேட்டேன். மிஷின்ல இருக்கறச்சே பேசாதேங்கோன்னுட்டா." பேப்பரைப் பிரித்தார். "அதான் எங்கிட்டக் கடைசியாச் சொன்னது."

அசல் பீரோவின் இரண்டாம் தட்டில், 'பயணம்' என்று எழுதிய கோப்பில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்காக அடித்தது. முன்பக்கம் ஒழுங்காக, பின்பக்கம் கண்ணாடிப் பிம்பமாக. ஸ்ரீரஞ்சனி ஜன்னலருகே நின்று படித்தாள். குணிகலில் இட்லி. சன்னராயபட்டணத்தில் பத்து நிமிஷம். பேலூரில் ஒன்று முதல் இரண்டரை வரை நடை சாத்தல். ருக்மணி அவர்கள் விழித்திருப்பார். ஹாசனில் தங்கல், இரண்டு அறை. கடைசியில் உறுப்பினர் பட்டியல். முதல் பெயருக்கு எதிரே 'வருகிறார்' என்று இருந்தது. அதன்கீழே நான்கு பெயர்களுக்கும் மேற்படிக் குறி, இரண்டு சின்னக் கோடுகள். ஆறாவதாக ஒரு பெயர் இருந்தது. ஸ்ரீரஞ்சனி. எதிரே: 'கேட்க வேண்டும்'.

ஜன்னலுக்கு வெளியே யாரோ பிளாஸ்டிக் குடத்தை உருட்டினார்கள். அவள் தாளை இன்னொரு தடவை படித்தாள்.

ருக்கு மாமி ஒன்பது மணிக்கு வந்தபோது ஸ்ரீரஞ்சனி கேட்டாள். "மாமி, நான் நாளைக்கு வந்தா தப்பா?"

ருக்கு மாமி நெற்றியைச் சுருக்கினாள். "சாஸ்திரப்படி தப்பில்லை. உனக்குத்தான் தீர்ந்துபோச்சே. கோயிலுக்குள்ளயும் வரலாம். ஆனா ஊர் பேசும்டி. அம்மா போய் அஞ்சாம் நாள் டூர் போறான்னு."

"ரஞ்சு!" என்றான் முகுந்தன், உள்ளேயிருந்து.

"மூணு நாள் பேசும்" என்றார் அப்பா, பேப்பரை இறக்காமல். "அப்பறம் ஊருக்கும் தீர்ந்துடும்."

டிரம்மின்மேலிருந்த டைப்ரைட்டரை அவளே தூக்கினாள். உதவிக்கு வர அண்ணனால் முடியாது, பட்டுவிடும். ஜன்னலோரம் திரும்பிவந்திருந்த மேசையில் இறக்கினாள். ஏழு வெள்ளைத் தாள்கள். பெட்டியிலிருந்து ஆறு கார்பன்கள். ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் தொட்டு மைப்பக்கம் பார்த்து, கீழ்முகமாக வைத்தாள். ஒன்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது அதில் மூன்று வரிகள் நுண்ணிய ஓட்டைகளாகத் தெரிந்தன: தேதி, தலைப்பு, பிறகு 'குழு காலை ஐந்து ஐம்பதுக்கு' வரை. புதுக் கார்பன் வேறு இருந்தது. அவள் இதையே வைத்தாள்.

பழக்கம் விட்டுப்போயிருந்தது. கடைசிப் பிரதிவரை எழுத்து இறங்க வேண்டுமானால் ஓங்கி அடிக்க வேண்டும். ஓங்கி அடித்தாள். மூன்றாம் வரி முடியப்போயிற்று. டிங்கென்று மணி அடித்தது.

கூடத்தில் பேப்பர் சலசலப்பது நின்றது.

அவளும் ஒரு கணம் அப்படியே இருந்தாள். பிறகு லீவரைப் பிடித்து உருளை வண்டியைத் தள்ளினாள். அது கடகடவென்று ஓடி வலது பக்கம் போய் நின்றது. அடுத்த வரியை ஆரம்பித்தாள். சற்றுப் பொறுத்துக் கூடத்தில் பக்கம் திரும்பும் சத்தம் கேட்டது.

அரைமணியில் பட்டியலுக்கு வந்துவிட்டாள். முதல் பெயர், 'வருகிறார்'. மேற்படி. மேற்படி. மேற்படி. மேற்படி. ஆறாவது பெயரை அடித்தாள். எதிரே வந்ததும் அசலைப் பார்த்தாள். பிறகு மேலே இருந்த நான்கையும் போல இரண்டு சின்னக் கோடுகளைத் தட்டினாள். கீழே கையெழுத்துக்கான இடத்தை விட்டாள்.

லீவரைத் தள்ளி, தாள்களை மெதுவாக வெளியே எடுத்துப் பிரித்தாள். ருக்கு மாமிக்கு நல்ல பிரதியாக ஒன்று. பவுலினுக்கு ஒன்று. மற்ற மூன்று பேருக்கு மூன்று. ஆறாவது அவளுடையது. அதில் தேதியும் தலைப்பும் முதல் வரியும் மிக மங்கலாக, ஏறக்குறைய இல்லாமல் விழுந்திருந்தன. அந்த இடங்களில் மை ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது. ஐந்து ஐம்பதுக்கு என்பதற்கு அடுத்த வார்த்தையிலிருந்து எழுத்து கறுப்பாக இருந்தது.

மடித்துக் கவரில் போட்டாள். நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டினாள். கவரின்மேல் அவள் விரல் பட்ட இடமெல்லாம் நீலக்கறுப்பாகப் பதிந்திருந்தது.